சென்னையில் நவம்பரில் கொட்டும் மழை, சேலத்தில் ஏன் செப்டம்பரிலேயே பெய்துவிடுகிறது?

சென்னைக்கு மழை கடலிலிருந்து வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து கரையில் கொட்டும். ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அப்போதுதான். சேலம் கடலுக்குத் தள்ளி இருப்பதால், புயல் ஏதும் உள்ளே வந்தாலொழிய மிச்சம்தான் நமக்கு.

சரி, செப்டம்பர் மழை? தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பகுதியை இறக்கிவிடும். ஆனால் அது தளரும் நாட்களில் பகல் வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, சாயங்காலம் இடிமழையாகிறது. சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை அந்தக் காற்றை இன்னும் தூக்கிவிடும். அதனால்தான் ஏற்காட்டில் சேலத்தைவிட மழை அதிகம். சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டியில் ஒரு சொட்டு இருக்காது, மலை அடிவாரத்தில் தொப்பலாக நனைந்திருப்பார்கள். நாலு மணிக்கு மலைப்பக்கம் கருத்தால், கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள்.