பரங்கிக்காய் பால் கூட்டில் பால் திரியாமல், காய் நன்றாக மசிந்து வர என்ன செய்ய வேண்டும்?

திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வெல்லம்தான். அதில் லேசான புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் பால் தாங்காது. ஆகவே வெல்லம் முதலில், பால் கடைசியில்; அதுவும் காய்ச்சி ஆறிய பாலாக, அடுப்பை அணைத்த பிறகு.

நாலு பேருக்கு அரை கிலோ பழுத்த மஞ்சள் பரங்கி போதும். தோல், விதை, நார் போக 400 கிராம் போல நிற்கும். பொடித்த வெல்லம் 50 கிராம், அரிசி மாவு 2 டீஸ்பூன், பால் 150 மில்லி, ஏலக்காய் 2, உப்பு இரண்டு சிட்டிகை. நறுக்கும்போதே பச்சையாக ஒரு துணுக்கைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், வெல்லம் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது.

காயை ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, அடிகனமான பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்து, மூடி, சிறு தீயில் வையுங்கள். பரங்கி தானே நீர் விடும். எட்டுப் பத்து நிமிடத்தில் கரண்டிக் காம்பு தடையில்லாமல் இறங்கும். குக்கர் வேண்டாம், சளசளவென்று ஆகிவிடும். மீறி நீர் நின்றால் மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். அப்புறம் கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள், அங்கங்கே துண்டு தட்டுப்பட்டால்தான் கூட்டு. மிக்ஸியில் அடித்தால் குழந்தைக்கு ஊட்டுகிற கூழ்.

காய் முழுதாக வேகும் முன் வெல்லம் போடக் கூடாது. போட்டால் துண்டுகள் விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாக மசியாது. மண் இருக்கும் வெல்லமானால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். பச்சை வாசனை போக மூன்று நிமிடம் கொதிக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்கொட்டை என்கிற பிஞ்சிலும் இதைச் செய்வார்கள். அதில் இனிப்பு குறைவு, வெல்லம் இன்னும் 20 கிராம் கேட்கும்.

அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நேராகத் தூவினால் கட்டி தட்டும். இரண்டு நிமிடம் கிளறி, கெட்டியானதும் அணைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பாலை ஊற்றிக் கலந்து ஏலப்பொடி போடுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு மிளகாய் வற்றலைத் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டுவது அவரவர் விருப்பம். வத்தக்குழம்பு சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதென்றால் தாளிப்பது நல்லது.

மிஞ்சியதைச் சுடவைக்கும்போது கொதிக்க விடாதீர்கள், அதுவரை திரியாத பால் அப்போது திரியும். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும்.