மாணவர் இசைக் காணொளியில் வகைமை மரபுகள்: கேள்வி பதில்

கேள்வி: ராக் பாடல் ஒன்றுக்குக் கைவிடப்பட்ட கட்டடத்தில் இசைக்குழு வாசிப்பதாகக் காட்சி அமைத்தோம். அது பழகிப்போன மரபு என்று ஆசிரியர் சொல்கிறார். இப்படி ஒவ்வொரு பாடல் வகையிலும் வழக்கமாக வரும் காட்சிகளை, அதாவது வகைமை மரபுகளை, கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் கட்டடம் ஏன் மரபாயிற்று என்று முதலில் யோசியுங்கள். பூச்சு உதிர்ந்த சுவர்கள் கிடாரின் கரகரப்பைக் கண்ணுக்குக் காட்டுகின்றன. குழுவினர் உண்மையாகவே வாசிக்கிறார்கள் என்னும் நம்பகத்தன்மையை ராக் ரசிகர்கள் பெரிதும் மதிப்பதால், விரல்களையும் டிரம் குச்சிகளையும் காட்டும் குளோஸ்-அப் காட்சிகளும் அங்கே மரபாகிவிட்டன. காரணம் தெரிந்தால், அதே வேலையைச் செய்யும் வேறோர் இடத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஒரு மரபை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருக்கும்போதுதான் அந்த மாற்றம் பார்ப்பவர் கண்ணில் படும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், நீங்கள் எதிலிருந்து விலகினீர்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

கேள்வி: பாடல் வரிகளில் வருவதையெல்லாம் காட்ட வேண்டுமா? மழை, கதவு, கடிதம் என்று எங்கள் ஷாட் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

பதில்: இசைக் காணொளிகளைப் பற்றி 1992-இல் நூல் எழுதிய ஆண்ட்ரூ குட்வின், பாடலுக்கும் காட்சிக்கும் உள்ள உறவு மூன்று வகைப்படும் என்கிறார்: சொன்னதைக் காட்டுவது, சொன்னதன் பொருளை விரித்துப் பெருக்குவது, சொன்னதிலிருந்து விலகி நிற்பது. உங்கள் பட்டியல் முதல் வகையோடு நின்றுவிட்டது. கதவு பிரிவைக் குறிக்கிறது என்றால், ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தும் ஒருவரையொருவர் பார்க்காத இருவரைக் காட்டுங்கள், கதவு தேவைப்படாது.

கேள்வி: கதை கட்டாயமா?

பதில்: இல்லை. பாடுபவரின் நிகழ்த்துதலே முழுக் காணொளியையும் தாங்கும்.

கேள்வி: ராப் பாடலில் ஒவ்வொரு பீட்டுக்கும் (தாளத் தட்டுக்கும்) ஒரு கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறுவது) வைத்தோம். ஆனாலும் சலிப்புத் தட்டுகிறது. ஏன்?

பதில்: நிமிடத்துக்கு 120 பீட் கொண்ட பாடலில் ஒரு பீட்டின் நீளம் அரை நொடி, காணொளியில் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) என்றால் 12 பிரேம்கள்தான். மூன்று நிமிடப் பாடலில் ஏறத்தாழ 360 கட்கள் வந்துவிடும். அடுத்த கட் எங்கே விழும் என்பதைக் கண் விரைவிலேயே கணித்துவிடும். ராப்பில் சொல்லே முதன்மையானது என்பதால், கீழ்க்கோணத்தில் கேமராவை நேராகப் பார்த்துப் பாடும் முகத்தை நான்கு வரிகளாவது விடாமல் காட்டி, வேகமான கட்களைப் பல்லவிக்கென்று சேமித்து வையுங்கள். கட் பீட்டுக்கு ஓரிரு பிரேம் முன்னதாக விழுந்தாலும் தவறில்லை.

கேள்வி: ஸ்லோ மோஷனில் உதட்டசைவு பொருந்த என்ன செய்வது?

பதில்: இறுதிக் காணொளி 24 பிரேம் என்றால் 48 பிரேமில் படமெடுத்து, படப்பிடிப்பின்போது பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிடுங்கள், பாடுபவரும் அதே வேகத்தில் பாட வேண்டும். காட்சியைப் பாதி வேகத்துக்குக் குறைத்ததும், சுற்றியுள்ளவை மெல்ல அசைய உதடுகள் மட்டும் பாடலோடு சரியாகப் பொருந்தும். வாயை மட்டும் அசைக்கச் சொல்லாமல் உரக்கப் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பும் மூச்சும் இயல்பாகத் தெரிவது அப்போதுதான்.