ஆர்லிங்டன் படைவீரர் கல்லறை எப்படி உருவானது? அங்கே அடக்கமானவரின் பதிவை எப்படித் தேடுவது?

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைத் தளபதி ராபர்ட் லீயின் குடும்பத்துக்குச் சொந்தமான வர்ஜீனியா தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1864 மே 13 அன்று முதல் வீரர் வில்லியம் கிறிஸ்ட்மன் அங்கே அடக்கமானார். நிலத்தை எடுத்துக்கொண்டதை எதிர்த்து லீயின் மகன் வழக்குப் போட்டு வென்றார். 1883இல் அரசு 1,50,000 டாலர் கொடுத்து நிலத்தை முறைப்படி வாங்கியது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கானோரும் 27ஆம் பிரிவில் இருக்கிறார்கள். பலர் இதைக் கவனிக்காமலே கடந்துபோவது எனக்கு வருத்தம்.

சரி, தேடுவது எப்படி? கல்லறை நிர்வாகத்தின் ‘ஏஎன்சி எக்ஸ்ப்ளோரர்’ செயலியில் பெயரைக் கொடுத்தால் பிரிவு, கல்லறை எண், கல்லின் படங்கள் கிடைக்கும். கல்லின் பின்பக்கப் படத்தையும் பாருங்கள். மனைவியின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பதிவுகளில் எழுத்துக்கூட்டல் மாறும், அதனால் குடும்பப்பெயரை மட்டும் போட்டும் தேடுங்கள்.