நுவரெலியாக் குளிரில் கொத்தமல்லி விதை முளைக்குமா?

முளைக்கும், நன்றாகவே முளைக்கும். மல்லி, பார்ஸ்லி, துளசி இனத்துப் பேசில் மூன்றையும் விதை வாங்கிப் போட்டேன், ஒன்றும் சரிவரவில்லை, இந்தக் குளிர்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசிலுக்குக் குளிர்தான் காரணம். மற்ற இரண்டுக்கும் குளிர் மேல் பழி போடாதீர்கள், அவை இரண்டும் குளிர்ச்சியை விரும்பும் செடிகள். கொழும்பில் மல்லி போட்டால் நாலு தரம் இலை கிள்ளுவதற்குள் சூட்டுக்குத் தண்டு நீண்டு பூத்துவிடும், இங்கே அதே செடி வாரக்கணக்கில் தழையாகவே நிற்கும். நான் ஹட்டன் பக்கம், லயத்து இஸ்தோப்பில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் முன் திண்ணையில் வைத்துத்தான் வளர்க்கிறேன், மல்லித்தழைக்குக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

முதலில் பொறுமை. விதைப் பைக்கற்றின் பின்னால் 7 முதல் 10 நாளில் முளைக்கும் என்று போட்டிருக்கும், அது சூடான ஊர்க் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், வருடச் சராசரி வெப்பமே 16 பாகை செல்சியஸ் அளவில்தான், அங்கே மல்லி தலைகாட்ட இரண்டு வாரம் போகும், சிலவேளை மூன்றும் ஆகும். பார்ஸ்லி இன்னும் மெதுவு, ஒரு மாதம் வரை பொறுக்க வேண்டி வரலாம். பத்து நாளாகியும் ஒன்றையும் காணோமே என்று விரலை விட்டுக் கிளறினால், அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கும் வேர் அறுந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

மல்லிக்குத் தனியாக விதைப் பைக்கற் வாங்க வேண்டியதில்லை. தடிமல் பிடித்தால் இஞ்சி தட்டிப் போட்டு அவிக்கிறோமே, அந்தக் கொத்தமல்லியே போதும், ஆனால் வறுக்காததாகவும் நாள்பட்ட இருப்பு இல்லாததாகவும் பார்த்து எடுங்கள், நசுக்கினால் வாசம் தூக்க வேண்டும். நாம் விதை என்று நினைக்கிற அந்த உருண்டை உண்மையில் ஒரு காய், உள்ளே இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு துணியில் பரப்பி மேலே போத்தலை மெதுவாக உருட்டினால் அப்படியே இரண்டு பாதியாகப் பிரியும், தூளாகும் அளவுக்கு அழுத்தக்கூடாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் வடித்து, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டு மூடுங்கள். பார்ஸ்லியையும் இப்படி ஊறவைத்தால் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

இன்னொரு விஷயம், இதைத் தெரியாமல் பிள்ளைகள் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். மல்லி முளைத்ததும் முதலில் வருவது ஒடுங்கி நீண்ட இரண்டு இலை, விளிம்பில் ஒரு வெட்டும் இருக்காது, பார்த்தால் களை என்றுதான் தோன்றும். நமக்குத் தெரிந்த, ஓரம் பிரிந்த மல்லி இலை அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து பிறகுதான் எழும். அதுவரை கை வைக்காதீர்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலை மலை இருக்கிறதென்று அங்கிருந்து மண்ணை அள்ளித் தொட்டியை நிரப்புகிறார்கள். தேயிலை புளிப்பு மண்ணைக் கேட்கிற செடி, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சந்தோஷம். மல்லிக்கும் பார்ஸ்லிக்கும் 6க்கு மேல் வேண்டும். மலையில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் (கிளைகளைக் கத்தரித்துவிடும்) நேரத்தில் போடுகிற டொலமைட் சுண்ணாம்புத் தூள் இருக்கிறதே, அதில் ஒரு சின்னப் பிடியை ஒரு வாளி மண்ணில் நன்றாகக் கலந்து இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தால் மண்ணின் புளிப்பு குறையும். அடுப்புச் சாம்பலும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அள்ளிக் கொட்டினால் நாற்று கருகும், இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதோடு மக்கிய சாணமும் தும்புத்தூளும் சேர்த்தால் மண் இறுகாது.

தொட்டிக்கும் செலவு வேண்டாம். தேயிலைத் தவறணையில் (நாற்றுப் பண்ணையில்) கன்று வைக்கும் நீட்டு பொலித்தீன் பை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் மல்லியும் பார்ஸ்லியும் ஆணிவேர்ச் செடிகள், ஆழம் வேண்டும், இடையில் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் கோபித்துக்கொண்டு நிற்கும். எந்தப் பையில் போடுகிறீர்களோ அதிலேயே கடைசிவரை விடுங்கள். பால்மா டின்னும் பரவாயில்லை, அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட வேண்டும்.

இங்கே நாற்றைக் கொல்வதில் முதலிடம் ஈரத்துக்குத்தான். காலையில் பார்த்தால் நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று சாய்ந்து கிடக்கும், கிட்டப் போய்ப் பாருங்கள், மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாகி நூலாக மெலிந்திருக்கும், மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். அது பூஞ்சண வேலை, ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் நெருக்கமாக நிற்பதெல்லாம் போகும். விதையை நெருக்கிப் போடாமல், மேல் மண் காய்ந்த பிறகு மட்டும், அதுவும் காலையில், தண்ணீர் விட்டால் பெரும்பகுதி தப்பும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாமல் கொட்டும், அந்த மாதங்களில் கூரைக்கு வெளியே விதைக்கவே விதைக்காதீர்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு இந்தக் கணக்குத் திரும்பும், அங்கே டிசெம்பர் ஜனவரி மழைக்குத்தான் பயப்பட வேண்டும்.

பேசில் சூட்டுச் செடி, 20 பாகைக்குக் கீழே விதை சோம்பிக் கிடக்கும். விறகடுப்பு எரிகிற வீடென்றால் அடுப்படியில், நெருப்பின் வெக்கை நேரே படாத, தொட்டால் இளஞ்சூடாக இருக்கிற ஒரு மூலையில் மண் நிரப்பிய யோகட் கப்பை வையுங்கள். விதையை மண்மேல் தூவி லேசாக அமுக்கினால் போதும், ஆழம் வேண்டாம். பச்சை தெரிந்ததும் உடனே வெளிச்சமான ஜன்னலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நீண்டு விழும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுகிற இரவுகளில் பேசில் வெளியே இருந்தால் ஒரே இரவில் கருத்துவிடும், எல்லாத் தொட்டியையும் தூக்க முடியாவிட்டால் அதை மட்டுமாவது உள்ளே எடுங்கள்.

விதை போட்டு ஒன்றாவது முளைப்பதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் அவசரப்பட்டால் வெந்தயம் போடுங்கள், சமையல் டப்பாவில் இருப்பதே போதும், குளிரிலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும், விரல் நீளம் வளர்ந்ததும் வெட்டிப் பருப்பில் போடலாம்.

கறிவேப்பிலைக்குப் பழுத்துக் கறுத்த பழத்தைச் சதை நீக்கி அந்த வாரமே விதைக்க வேண்டும், காய்ந்த விதை முளைக்காது. ஆனால் நுவரெலியா உயரத்தில் குளிர் மாதங்களில் வளர்ச்சி நின்றுபோகும், அங்கே அதற்கு மெனக்கெடுவது வீண் என்பது என் கருத்து. கறிக்குப் போடும் ரம்பை இலையும் சேரா என்கிற எலுமிச்சைப் புல்லும் பக்கக் கன்று பிரித்து நடுகிறவை. புதினாவுக்கு விதை விற்கிறார்கள், வாங்காதீர்கள், தாய்ச்செடியின் வாசம் விதையில் அப்படியே வராது. சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த தண்டு நாலை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வையுங்கள், கணுவில் வெள்ளை வேர் விட்டதும் தனித் தொட்டியில் நடுங்கள், மல்லியோடு சேர்த்து நட்டால் மல்லிக்கு இடமே விடாது.