பொங்கல் சமயத்துல நடக்கற நாட்டுப்புறக் கலை விழா சென்னை சங்கமத்துக்கு டிக்கெட் வைக்கலாமா?

வேணாங்க. டிக்கெட் வச்சா நெரிசல் குறையும்னு சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா 2007ல ஆரம்பிச்சப்பவே பார்க், பீச்னு ஜனங்க இருக்கற இடத்துக்கே பறையும் கரகமும் போகணும்ங்கறதுதான் ஐடியா, வாக்கிங் வந்தவரு பறை சத்தம் கேட்டு கடலை பொட்டலத்தோட அப்படியே நின்னுடுவாரு, அவர்கிட்ட போய் அம்பது ரூபா கேட்டா நடையைக் கட்டிடுவாரு. பெசன்ட் நகர் பீச்சுக்கு எங்க போய் வேலி போடறது, கேட்டு, செக்யூரிட்டினு அந்த செலவே வசூலை முழுங்கிடும். மார்கழி சபா கதை வேற, அங்க நாலு சுவரு இருக்கு, நிறைய சபால மத்தியான கச்சேரி ஃப்ரீ, சாயந்தரம் பெரிய ஆளுங்களுக்கு டிக்கெட். 2023லேர்ந்து சங்கமத்த அரசுதான் நடத்துது, அதாவது நம்ம வரிப்பணம், ஏற்கனவே கட்டியாச்சு. பத்தலயா, சாப்பாட்டு ஸ்டால் வாடகைய ஏத்துங்க, ஸ்பான்சர் புடிங்க (பேனர் பறையடிக்கறவர மறைக்காம இருந்தா சரி).