பாலர் பக்கம்: "பென்சிலைக் கண்டாலே அழுகிறாள், ரீச்சர்!"

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மழை, வெள்ளம், முன்பள்ளி பூட்டு, பிள்ளை வீட்டில், இனி என்ன செய்வது? 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பூட்டியபோதும், 2022இல் பெற்றோல் இல்லாமல் பூட்டியபோதும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வந்தன. பூட்டுவதற்கு நாட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளின் வயதுதான் ஒன்றுக்கும் நிற்காமல் ஏறுகிறது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

மகளுக்கு ஜனவரியில் ஐந்து வயது முடிகிறது. அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. முன்பள்ளி ரீச்சர் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்புகிறார். நான் கொமினிகேசனில் அச்செடுத்து வந்து மகளை இருத்தினால், பென்சிலைக் கண்டதும் அழுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் அ முதல் ஃ வரை எழுதுகிறான். அடித்துப் படிப்பிக்க மனமில்லை. விட்டுவிடவும் பயமாக இருக்கிறது.
— ஓர் அம்மா, இணுவில்

தங்கச்சி, முதலில் பக்கத்து வீட்டுப் பையனை அவனுடைய அம்மாவிடமே விட்டுவிடுங்கள்.

பென்சில் பிடிப்பது பெரியவர்களுக்கு ஒரு வேலையாகவே தெரியாது. பிள்ளைக்குத் தோள், மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒன்றாக ஒத்துழைக்கவேண்டும். ஐந்து வயதில் மணிக்கட்டின் சிறிய எலும்புகள் எல்லாம் இன்னும் உருவாகி முடியவில்லை. சில இடங்களில் வெறும் குருத்தெலும்புதான் இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு கோட்டுக்குள் 'இ' எழுது, அதையும் பத்துத்தரம் எழுது என்றால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

கையை முதலில் பலப்படுத்துங்கள். அதற்குத் தாள் வேண்டாம், குசினி போதும். முருங்கை இலை ஆயும்போது பக்கத்தில் இருத்துங்கள். ஒரு கையால் ஈர்க்கைப் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இலையை உருவ, நடுவிரல் கீழே தாங்கி நிற்கும். உற்றுப் பாருங்கள், பென்சில் பிடிக்கும் பிடியும் அதுதான். முதல் நாள் இலையோடு காம்பும் சேர்ந்து வரும். வறையில் நாலு காம்பு கிடந்தால் குடி முழுகிப் போகாது. ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு பிடி அவளுக்கும் கொடுங்கள். மழைக்கு விறாந்தையில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவீர்கள்தானே? கிளிப் போடும் வேலை அவளுடையது. கிளிப்பை அமத்தித் திறப்பதற்கு விரலில் எவ்வளவு பலம் வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி எழுத்து. 'அ'வில்தான் தொடங்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஏடு தொடக்கும்போது அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம், அது சடங்கு, இருக்கட்டும். ஆனால் சுழி, வளைவு, நிமிர்ந்த கோடு எல்லாம் 'அ' என்ற ஓர் எழுத்துக்குள்ளேயே இருக்கின்றன. 'ட' அப்படியில்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, முடிந்தது. வலப்பக்கம் இன்னொரு கோட்டை உயர்த்தினால் 'ப'. அதோடு ஒரு வளைவு சேர்ந்தால் 'ம'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடுவாள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும்போது தனக்கு அந்தச் சொல்லை எழுதவும் தெரியும் என்றால், அவளுக்கு அது சின்னக் காரியமில்லை. பன்னிரண்டு உயிரெழுத்தையும் வரிசையாக எழுதத் தெரிந்த பிள்ளையால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை சொல் வாசிக்க முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எழுதும்போது திருப்பி எழுதினால், கண்ணாடியில் தெரிவதுபோல, பதறவேண்டாம். ஏழு வயது வரைக்கும் பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். அச்செடுக்கும் காசுக்கு ஒரு பெட்டி கலர்ச் சோக் வாங்கிக் கொடுங்கள். சீமெந்துத் தரையில் முழுக்கை வீசிப் பெரிதாக எழுதட்டும். ரீச்சரிடம், "நாங்கள் கிழமைக்கு ஒரு தாள்தான் செய்வோம்" என்று நேராகச் சொல்லுங்கள். கோபிக்கமாட்டார்.

முதலாம் வகுப்பு ரீச்சர் எழுத்தை எப்படியும் அடியிலிருந்துதான் தொடங்குவார், அதற்குத்தானே அந்த வகுப்பு. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தானே திறக்கவும், செருப்பை இடம் வலம் பார்த்துப் போடவும், ஒண்ணுக்கு வந்தால் வெட்கப்படாமல் கேட்கவும் தெரிந்த பிள்ளை வந்தால் அவர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

ரீச்சர் அம்மாவுக்கு வணக்கம். பேரனுக்கு நாலு வயது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றிலிருந்து நூறு வரை தடக்காமல் சொல்லுவான். ஆனால் ஏழு எலுமிச்சம்பழம் எடுத்து வா என்று அனுப்பினால் கை கொண்ட மட்டும் அள்ளி வருகிறான். மறதிக் குணமா?
— ஓய்வுபெற்ற ஓர் அப்பப்பா, கரவெட்டி

ஐயா, மறதி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை போவது அவனுக்கு ஒரு பாட்டுப்போலத்தான். எண்ணுவது வேறு விஷயம். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்லவேண்டும், ஒன்றையும் தவறவிடாமலும் இரண்டு தரம் தொடாமலும் போகவேண்டும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று விளங்கவேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் பிந்தி வரும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஐந்து புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், "எத்தனை?" என்று கேளுங்கள். "ஐந்து" என்றால் சரி. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் விளங்கவில்லை. அப்புறம் அதே ஐந்தையும் இடைவெளி விட்டுப் பரப்பி வையுங்கள். "இப்போது கூட இருக்கு" என்பான். சிரிக்கக்கூடாது. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இப்படித்தான் சிறுபிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு, பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்பது ஆறு, ஏழு வயதளவில்தான் பிடிபடுகிறது என்று காட்டினார்.

ஆகவே நூறைக் கொஞ்சக் காலம் மறந்துவிடுங்கள். பத்துக்குள்ளேயே வேலை நிறைய இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்: வீட்டில் எத்தனை பேர், யார் இன்னும் வரவில்லை, இன்னும் எத்தனை வேண்டும்? அரிசி அளக்கும்போது சுண்டை அவன் கையில் கொடுங்கள். மழை விட்ட நேரம் வளவைச் சுற்றி வந்து தண்ணீர் நிற்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய சட்டி எல்லாவற்றையும் எண்ணி எண்ணிக் கவிழ்க்கட்டும். நுளம்புக்கும் மருந்து, கணக்கும் ஆயிற்று. கிணற்றுப் பக்கம் மட்டும் தனியே விடவேண்டாம், வெள்ளத்துக்கு எந்தக் கிணறும் முட்டி நிற்கும்.

தாயம் இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சோகி எத்தனை மலர்ந்ததென்று எண்ணுவது ஒருதரம், அத்தனை கட்டம் காயை நகர்த்துவது இன்னொருதரம். ஒரு கட்டத்துக்கு ஒரு எண் என்பது கைக்கே பழகிவிடும். இருந்த கட்டத்தையே ஒன்று என்று எண்ணி ஏமாற்றுவான், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். பிழை பிடிக்காமல் உங்கள் காயைச் சரியாக எண்ணி நகர்த்திக் காட்டுங்கள்.

எண்ணக் கொடுக்கும் பொருளில் கவனம் வேண்டும் ஐயா. குண்டுமணி வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. கடலை, பயறு மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பெருக்கும். போய்விட்டால் ஊசி, ஈர்க்கு என்று வீட்டில் தோண்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருந்தால் புளியங்கொட்டையும் வேண்டாம், அது தொண்டையில் சிக்கும். அப்படியானால் சிரட்டையும் கிளிப்பும் போதும்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகன் அம்மம்மாவோடு. காலையில் இருந்து பின்னேரம் வரை போனில் கார்ட்டூன். "இங்கிலீசாவது பழகட்டும்" என்று விட்டிருக்கிறோம். பிழையா?
— ஓர் அப்பா, சுன்னாகம்

தம்பி, இங்கிலீசு பழகுகிறானா? நிறங்களின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லுவான். காலில் முள் குத்தினால் எங்கே, எப்படி நோகிறது என்று எந்த மொழியிலாவது சொல்கிறானா என்று பாருங்கள். பேச்சு என்பது ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி சொல்லி வருவது. போன் மறுமொழி சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், மூன்று, நாலு வயதுப் பிள்ளை இருந்த இடத்தில் இருந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அதே வயதுக்கு மூன்று மணித்தியாலம் உடல் அசைவும், பத்து முதல் பதின்மூன்று மணித்தியாலம் நித்திரையும் வேண்டும் என்றும் இருக்கிறது. மழை நாளில் மூன்று மணித்தியாலமா என்று கேட்பீர்கள். ஒரேயடியாக இல்லை, நாள் முழுக்கச் சேர்த்துத்தான். விறாந்தையில் கட்டம் கீறிக் கெந்தட்டும். தலையணைகளைச் சுமந்து அறைக்கு அறை கொண்டுபோகட்டும்.

அம்மம்மாவைக் குறை சொல்லவேண்டாம், பாவம். அவவுக்கும் மத்தியானம் முதுகைச் சாய்க்கவேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் போனைக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரம் அதை அலுமாரிக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று நாலு நாள் வீடு இரண்டுபடும், பிறகு அடங்கும். பின்னேரம் நீங்கள் வந்ததும், "அம்மம்மா இன்றைக்கு என்ன கதை சொன்னா?" என்று கேளுங்கள். "நரி வந்தது" என்பான். "பிறகு?" என்று கேளுங்கள். அதற்கும் ஒன்று சொல்லுவான். அவன் சொல்வதை அவன் கண்முன்னே ஒரு தாளில் எழுதி, விரல் வைத்து வாசித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் இருக்கிறது என்று ஒருதரம் கண்டுகொண்ட பிள்ளை, மறுநாள் அவனாகவே தாளோடு வருவான்.

மகன் இடது கையால் எழுதுகிறான். மாமி கையில் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றுகிறா.
— ஒரு வாசகி, கொடிகாமம்

மாற்றவேண்டாம். சாப்பாடும் விபூதியும் வலது கை என்று மாமி பழக்குவதானால் பழக்கட்டும், அது வீட்டு வழக்கம். பென்சில் எந்தக் கையில் என்பதை அவனே தீர்மானிக்கட்டும். தாளைக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்து, மேல் விளிம்பு வலப்பக்கம் சாயும்படி சரித்துக் கொடுத்தால் அவனுக்குச் சுலபம்.

எங்களுக்கு இங்கே சிக்னல் ஒழுங்காக இல்லை. இருக்கிற ஒரு போனும் இவரோடு கடலுக்குப் போய்விடும். மகளுக்கு மணலில் எழுதக் காட்டிக்கொடுக்கிறேன். "இது எந்தக் காலத்துப் படிப்பு?" என்று இவர் சிரிக்கிறார்.
— ஓர் அம்மா, அனலைதீவு

இவர் கரைக்கு வந்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். அங்கே உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தன் விடுதியிலும் அதையே செய்வித்தார். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும், எழுத்து மணலில். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பரவியது. நம்மிடமிருந்து போன படிப்பு அது. நாம்தான் அச்சடித்த தாளுக்குப் பின்னால் ஓடுகிறோம்.

மழைக்கு முற்றத்து மணல் சேறாகிவிடும். அடுப்படியில் உலர்த்திய மணலைச் சுளகில் பரப்பிக் கொடுங்கள். விரல் எழுத எழுத வாய் அந்த ஒலியைச் சொல்லவேண்டும், அதுதான் முக்கியம். பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு, அழிந்துவிடும். சிவப்புப் பேனையால் வெட்டிய தடம் ஒன்றும் மிஞ்சாது. மூத்த பிள்ளை இருந்தால் பெல் செய்வித்ததுபோல அதையே ரீச்சர் ஆக்கிவிடுங்கள், உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

நான் முன்பள்ளி ஆசிரியை. நாங்கள் தாள் அனுப்பாவிட்டால் "காசு வாங்குகிறீர்கள், ஒன்றும் படிப்பிக்கவில்லை" என்கிறார்கள். அனுப்பினால் "பிள்ளை செய்யுதில்லை" என்கிறார்கள்.
— நாவாந்துறை

மகள், முன்பள்ளி ஆசிரியையின் சம்பளம் எனக்குத் தெரியாததில்லை. அதற்குள் டேட்டாவும் போட்டுத் தாளும் தேடுகிறீர்கள். தாளை விட்டுவிட்டு உங்கள் குரலை அனுப்புங்கள். இரண்டு நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சுகம் கேட்டு, ஒரு சின்னக் கதை, அதன் முடிவில் ஒரு வேலை: "வீட்டில் வட்டமாக இருக்கிற மூன்று சாமான் தேடிப் பிடியுங்கோ." மறுநாள் பிள்ளை தன் குரலில் மறுமொழி அனுப்பட்டும். படம் எடுத்து அனுப்பச் சொல்லவேண்டாம். கேட்டால் அம்மாமார் தாங்களே கீறி அனுப்புவார்கள். வட்டமெல்லாம் அவ்வளவு வடிவாக இருக்கும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம்.

காசு கேட்பவர்களுக்கு அந்தக் குரல் பதிவையே காட்டலாம். திறக்கிற நாளில் தாளைக் கேட்கவேண்டாம், முதல் ஒரு கிழமை விளையாட்டும் பாட்டும்தான். நாலைந்து பேர் வாசலில் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், உள்ளே வந்தவர்களில் ஒருவர் அதைப் பார்த்துத் தொடங்குவார். அந்தக் கிழமைக்கு மட்டும் உதவிக்கு இன்னொரு ஆளை ஏற்பாடு செய்து வையுங்கள்.