சர்வேயர், வி.ஏ.ஓ., ஆர்.ஐ.: கையில் எவ்வளவு வரும், எது கூட்டும், எது குறைக்கும்?

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாகத் தனியார் சர்வே நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 21,000 ரூபாய். குரூப் 4 தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது, வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) இடமோ வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர் இடமோ கிடைக்கும் என்கிறார்கள். நில அளவர் தேர்வும் எழுதியிருக்கிறேன். மாமா 45,000 கையில் வரும் என்கிறார், நண்பன் வெறும் 19,500தான் என்கிறான். எது சரி? சம்பளத்தை வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது? (திருப்பூர் மாவட்ட வாசகர்)

பதில்: இரண்டு பேர் சொன்னதுமே சரியில்லை. உங்கள் நண்பர் அறிவிக்கையில் அச்சான அடிப்படை ஊதியத்தை மட்டும் பார்த்திருக்கிறார். மாமா பத்து, பன்னிரண்டு வருடம் சர்வீஸ் ஆன யாரோ ஒருவருடைய சம்பளத்தை உங்கள் முதல் மாதச் சம்பளமாக நினைத்துவிட்டார். நான் தாலுகா அலுவலகத்தில் ஏ செக்‌ஷனில் உட்கார்ந்து பல வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "சார், இது ஏன் பிடிச்சிருக்காங்க" என்று வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அதனால் வரிவரியாகவே சொல்கிறேன்.

வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர், நில அளவர் மூன்றுமே தொடக்கத்தில் ஒரே படியில்தான் நிற்கின்றன. ஊதிய நிலை 8, அதாவது 19,500-லிருந்து 71,900 வரை. அடிப்படை 19,500. அதன்மேல் அகவிலைப்படி. 2025 ஜூலை முதல் அது 58 சதவீதம், ஆக 11,310 ரூபாய். இரண்டும் சேர்த்தால் 30,810. இதற்கு மேலே வீட்டு வாடகைப்படி வரும். ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு இது அடிப்படை ஊதியத்தில் இத்தனை சதவீதம் என்று இருக்கிறது. நம் மாநிலத்தில் அப்படி இல்லை, உங்கள் அடிப்படை எந்த வரம்புக்குள் இருக்கிறது, வேலை பார்க்கும் ஊர் எந்தத் தரம் என்று பார்த்து ஒரு தொகையாகக் கொடுப்பார்கள். சென்னையில்தான் அதிகம், கோவை, மதுரை மாதிரி ஊர்களில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, உள் கிராமத்தில் மிகவும் குறைவு. வி.ஏ.ஓ.வாகப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் கிராமத்துத் தரம்தான் கிடைக்கும்.

இனி பிடித்தம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் ஓய்வூதியத்துக்காகப் பிடிப்பார்கள். உங்களுக்கு 3,081 ரூபாய். மருத்துவக் காப்பீடு, குடும்ப நல நிதி என்று இன்னும் சில நூறு போகும். தொழில் வரி உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் ஆண்டுக்கு 2,500-க்கு மேல் போகாது. எல்லாம் போக முதல் மாதம் 28,000-லிருந்து 30,000-க்குள் ஏதோ ஒரு தொகை வங்கிக் கணக்கில் ஏறும். இதுதான் நீங்கள் வீட்டில் சொல்ல வேண்டிய எண். பொங்கலுக்கு சி, டி பிரிவு ஊழியர்களுக்கான போனஸ் 3,000 உண்டு. ஈட்டிய விடுப்பில் 15 நாளை ஒப்படைத்துப் பணமாக வாங்குவதை 2020-ல் நிறுத்தி வைத்திருந்தார்கள், 2025 அக்டோபர் முதல் திரும்பத் தந்திருக்கிறார்கள். உங்கள் நிலையில் அது ஏறத்தாழ 15,400 ரூபாய், வருடத்துக்கு ஒருமுறை.

அகவிலைப்படி பற்றி ஒன்று. ஒன்றிய அரசு அறிவித்ததும் மாநிலமும் அதே விகிதத்தில் தருவதுதான் வழக்கம், ஆனால் அது எப்போதும் உடனே வரும் என்று கணக்குப் போட்டு யாரும் கடன் வாங்காதீர்கள். கொரோனா காலத்தில் 17 சதவீதத்திலேயே நின்றது, 2022 ஜனவரியில்தான் ஒரே தாவலாக 31 ஆனது. ஊதியக் குழுவும் அப்படித்தான். ஏழாவது குழு ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் என்று ஏட்டில் கணக்கிட்டார்கள், பணமாகக் கைக்கு வந்தது 2017 அக்டோபரிலிருந்து. இடைப்பட்ட 21 மாதத்துக்கு நிலுவை கிடையாது. எட்டாவது ஊதியக் குழுவுக்கு ஒன்றிய அரசு 2025-ல் ஒப்புதல் தந்துவிட்டது என்பதால் அதை நம்பி இப்போதே வீட்டுக் கடன் போடுகிறவர்களைப் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது.

சரி, மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே? ஊதிய அட்டவணையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிலை 8 தொடங்குவது 19,500-ல். நிலை 9 20,000-ல், நிலை 10 20,600-ல். அடுத்து நிலை 11 எங்கே தொடங்குகிறது தெரியுமா? 35,400-ல். நடுவில் அப்படி ஒரு பள்ளம். உங்கள் வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானிப்பது இந்தப் பள்ளத்தை எத்தனை வருடத்தில் தாண்டுகிறீர்கள் என்பதுதான். முதல் மாதம் ஆயிரம் கூடுதலா குறைவா என்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு. 19,500 அடுத்த வருடம் 20,100, அப்புறம் 20,700 என்று ஏறி, பத்து உயர்வு முடிந்ததும் 26,200-ல் நிற்கும். பதவி உயர்வு வராமல் பத்து வருடம் ஒரே பதவியில் இருந்தால் தேர்வு நிலை, இருபது வருடத்தில் சிறப்பு நிலை என்று கொஞ்சம் கூட்டித் தருவார்கள், அது ஆறுதல். ஆனால் அதே பன்னிரண்டு, பதினைந்து வருடத்தில் ஒருவர் உதவியாளராகி, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வேலை பார்த்து, துணை வட்டாட்சியர் ஆகிவிட்டால், அவருடைய பழைய அடிப்படை 28,000-ஆகவே இருந்தாலும் புதிய நிலையின் தொடக்கத் தொகைக்கு அவரை ஏற்றியே ஆக வேண்டும். துணை வட்டாட்சியர் பதவி அந்தப் பள்ளத்துக்கு அக்கரையில் இருக்கிறது. அடிப்படையில் 7,000-க்கு மேல் ஒரே நாளில் கூடும், அகவிலைப்படியோடு சேர்த்தால் மாதம் 11,000-க்கு மேல். நான் சம்பளம் நிர்ணயம் செய்து கொடுத்தபோது அந்தத் தாளைப் பார்த்து மேசையிலேயே கண் கலங்கியவர்கள் உண்டு.

இந்தப் பாதையில் வருவாய்த் துறை இளநிலை உதவியாளர்தான் வேகமாகப் போவார். உதவியாளர் நிலை 10, ஆர்.ஐ.யும் அதே படிதான், அதற்கு அடுத்தது துணை வட்டாட்சியர், பிறகு வட்டாட்சியர். வி.ஏ.ஓ.க்களுக்கும் உதவியாளர் பதவிக்கு வர வழி இருக்கிறது, ஆனால் அது ஒதுக்கீட்டையும் மாவட்டத்தில் உள்ள காலியிடத்தையும் பொறுத்தது. ஒரே ஆண்டில் சேர்ந்த இளநிலை உதவியாளருக்குப் பின்னால்தான் பெரும்பாலும் வந்து சேர்வார்கள். நில அளவருக்குத் துறையே தனி. சார் ஆய்வாளர், வட்டத் துணை ஆய்வாளர், ஆய்வாளர் என்று அந்த ஏணி போகிறது. 2022-ல் நில அளவர், வரைவாளர் முதலான இடங்களுக்குச் சேர்த்து 1,089 பேரை எடுக்க அறிவிக்கை வந்தது நினைவிருக்கும். ஒரே நேரத்தில் பெருங்கூட்டமாகச் சேர்ந்தால், மேலே இடம் குறைவாக இருக்கும்போது, பட்டியலின் வால்பகுதியில் இருப்பவர் ரொம்பக் காலம் காத்திருக்க வேண்டிவரும். தரவரிசை எண் ஒவ்வொன்றும் பின்னால் பணம்தான்.

மாவட்டமும் அப்படியே. கலந்தாய்வில் எல்லோரும் சொந்த ஊர்ப் பக்கமே கேட்கிறார்கள், மனசு அப்படித்தான் கேட்கும், தப்பில்லை. ஆனால் இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. இருவருக்கும் பணிமூப்பு வரிசை மாவட்ட அளவில்தான் ஓடும். நிறைய பேர் ஓய்வு பெறப்போகிற மாவட்டத்தில் பதவி உயர்வு வேகமாக நகரும். அந்த மாவட்டத்து ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, கடைசியாக உதவியாளர் பட்டியலில் வந்தவர் எந்த வருடம் சேர்ந்தவர் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கான பதில் போதும்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம்: தண்டனை. அரசு நிலத்தைக் கண்காணிக்கிற வேலை இது. ஓடைப் புறம்போக்கில் ஒருவர் கொட்டகை போட்டால் வி.ஏ.ஓ. போய்ப் பார்த்து பி மெமோ என்ற ஆக்கிரமிப்புக் குறிப்பாணை கொடுக்க வேண்டும், கணக்கில் ஏற்ற வேண்டும், மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். சர்வேயர் புலப்படத்தை (அந்தப் புல எண்ணின் அளவு வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு வேலிக்காத்தான் முள்ளுக்குள் புகுந்து, மண்ணில் ஒரு முழம் கீழே புதைந்து கிடக்கும் பழைய கல்லைக் கடப்பாரையால் தட்டிச் சத்தம் கேட்டுக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளந்தால்தான் அந்தக் கொட்டகை ஓடையில் இருக்கிறதா பட்டா நிலத்தில் இருக்கிறதா என்பதே தெரியும். எந்தப் பக்கம் கல் நட்டாலும் இன்னொரு பக்கத்துக்காரர் கோபப்படுவார், மனு போடுவார். மனு போனால் விளக்கம் கேட்பார்கள், விளக்கம் திருப்தி இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(அ) பிரிவில் குறிப்பாணை, பெரிய குற்றச்சாட்டு என்றால் 17(ஆ).

இதற்கும் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு என்றால், 17(அ)-வில் சர்வ சாதாரணமாகக் கொடுக்கிற தண்டனை ஊதிய உயர்வு நிறுத்தம். உங்கள் முதல் உயர்வு 600 ரூபாய், அகவிலைப்படியோடு 948. தொடர் விளைவின்றி ஓராண்டு நிறுத்தினால் 11,376 ரூபாய் போகும், அதோடு முடிந்தது. "தொடர் விளைவுடன்" என்ற இரண்டு சொல் ஆணையில் வந்துவிட்டால் அந்த உயர்வு ஓய்வு பெறும் வரை திரும்ப வராது. முப்பது வருடத்துக்கு வெறும் 948-ஆகவே வைத்தாலும் மூன்றே கால் லட்சத்துக்கு மேல், உண்மையில் அதைவிட அதிகம். அதைவிட மோசம், தண்டனை நடப்பில் இருக்கும்போது பதவி உயர்வுப் பட்டியல் போட்டால் உங்கள் பெயர் தாண்டிப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வி.ஏ.ஓ. நேர்மையான மனிதர், புறம்போக்கை நேரில் போய்ப் பார்த்தவர், வாய்மொழியாக மேலே சொல்லியும் இருக்கிறார், எழுத்தில் அனுப்பவில்லை. ஒரே ஒரு காகிதம் இல்லாததால் பட்டியலில் பின்னுக்குப் போனார். அதனால் பார்த்த அன்றே, தேதி போட்டு, புல எண் போட்டு, நகலைக் கையில் வைத்துக்கொண்டு அறிக்கை அனுப்புங்கள்.

"மேல் வருமானம்" பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சுற்றி இருக்கிற யாராவது அதையும் சேர்த்துக் கணக்குச் சொல்வார்கள். அதைச் சேர்க்காதீர்கள். பட்டா மாறுதலுக்கும் அளவைக்கும் கை நீட்டி லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பிடிபட்ட செய்தி இல்லாத வாரம் இல்லை. பிடிபட்ட நாளிலிருந்து பணியிடை நீக்கம், பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியம், வருடக்கணக்கில் வழக்கு, தண்டனை உறுதியானால் வேலையே இல்லை.

செலவுப் பக்கமும் இருக்கிறது. நிலையான பயணப்படி என்று ஒன்று தருகிறார்கள், ஆனால் இரண்டு கிராமத்துக்குக் கூடுதல் பொறுப்பு பார்க்கும் வி.ஏ.ஓ.வின் பெட்ரோலுக்கு அது காணாது. ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கை) நேரத்தில் அச்சு, நகல், பைண்டிங் எல்லாம் சொந்தக் காசில் செய்கிறவர்களே அதிகம். கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பதால் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு அனுப்புகிற செலவு தனி. மாதம் இரண்டாயிரம், மூன்றாயிரம் இதற்கு ஒதுக்கித்தான் மற்றதைக் கணக்கிட வேண்டும். அலுவலகத்தில் உட்காருகிற இளநிலை உதவியாளருக்கு இந்தச் சுமை குறைவு.

டிப்ளமோவுக்கு மேல் பி.இ. முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். உயர்கல்விக்கான அந்த முன்ஊதிய உயர்வு முறையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தைத் துறைத் தேர்வில் போடுங்கள். வருவாய்த் தேர்வு, கணக்குத் தேர்வு இதெல்லாம் தேறி, பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியும் முடித்தால்தான் இளநிலை உதவியாளருக்குப் பதவி உயர்வில் பெயர் வரும். சேர்ந்த முதல் இரண்டு வருடத்திலேயே எழுதி முடித்தவர்கள் பின்னால் நிம்மதியாக இருந்தார்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் தன்னைவிட இளையவர்கீழ் வேலை பார்த்தார்கள்.

என் யோசனை: குரூப் 4 தரவரிசையில் வருவாய்த் துறை இளநிலை உதவியாளர் இடம் கிடைத்தால் அதை எடுங்கள். வெளியில் சுற்றுகிற வேலைதான் பிடிக்கும், மக்களோடு இருக்க வேண்டும் என்றால் வி.ஏ.ஓ., அதில் தவறே இல்லை, ஒரு கிராமமே உங்களை நம்பி இருக்கும். நில அளவர் முடிவு வரும்வரை கைக்கு வந்ததை விட வேண்டாம். சேர்ந்த பிறகு அது வந்தாலும் முறையாகத் தடையின்மைச் சான்று வாங்கிப் போகலாம். ஒரத்தநாட்டு நில அளவைப் பயிற்சி உங்கள் சிவில் படிப்புக்கு நன்றாகப் பொருந்தும் என்பதும் உண்மை. தனியார் நிறுவனத்தில் வாங்கிய அனுபவச் சான்றைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதைக் காட்டி அரசில் கூடுதல் அடிப்படை ஊதியம் கேட்க முடியாது, எல்லோரும் 19,500-ல்தான் தொடங்க வேண்டும்.

சேர்ந்ததும் முதல் வேலையாகக் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் உங்கள் பணிப் பதிவைத் திறந்து, பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, அது முற்பகலா பிற்பகலா என்பது வரை சரிபாருங்கள். நம் மாநிலத்தில் ஆண்டு உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுத் தொடக்கத்தில் வருகிறது. சேர்ந்த தேதி தவறாகப் பதிவானால் உங்கள் உயர்வு ஒரு காலாண்டு தள்ளிப்போய், அதை யாராவது கண்டுபிடிக்கும் வரை ஒவ்வொரு வருடமும் அப்படியே தள்ளிக்கொண்டே இருக்கும்.